பழைய கணினியை எப்போது மாற்ற வேண்டும்? விண்டோஸ் 10 இற்குப் பின்னரான வீட்டுக் கணக்கு

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அதற்குப் பின்னர் உறவினர்களும் அயலவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இந்தக் கொம்பியூட்டரை இனியும் வைச்சிருக்கலாமோ, புதுசு வாங்கத்தான் வேணுமோ?" கேட்பவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருக்கிறார், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளையின் தாய் இருக்கிறார், கோயில் கணக்கை வீட்டில் வைத்து எழுதும் பொருளாளர் இருக்கிறார். நான் கணினிக் கடை நடத்துபவன் இல்லை. தெரிந்தவர்களின் கணினிகளைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொடுத்து வருபவன். அந்த அனுபவத்தில் நான் சொல்லும் பதிலை இங்கே ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

புதிய மடிக்கணினி ஒன்று எங்களுடைய பெரும்பாலான வீடுகளில் ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கும் செலவு கிடையாது. இறக்குமதிப் பொருள் என்பதால் டொலரோடு சேர்ந்து அதன் விலையும் ஏறும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் சுமார் 360 ரூபாவை எட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே தேவையில்லாமல் புதிய கணினி வாங்குவது வீட்டுக்கு நட்டம். அதேவேளை, பாதுகாப்பற்ற கணினியில் வங்கிக் கணக்கையும் பிள்ளையின் ஆவணங்களையும் வைத்திருப்பதும் நட்டத்தில் முடியலாம். இரண்டுக்கும் இடையில் வழிகள் உண்டு. அவற்றைச் செலவு குறைந்ததிலிருந்து கூடியதற்கு என்ற ஒழுங்கில் பார்க்க வேண்டும்: முதலில் கோப்புகள், பிறகு உதிரிப்பாகம், அதன் பிறகு இயங்குதளம், கடைசியாகத்தான் புதிய கணினி.

'ஆதரவு முடிந்தது' என்றால் என்ன?

ஆதரவு முடிந்த கணினி மறுநாள் காலையில் நின்றுபோவதில்லை. வழமைபோலவே திறக்கும், எழுதும், அச்சிடும், படம் காட்டும். நின்றுபோவது மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள். எந்த இயங்குதளத்திலும் ஓட்டைகள் தொடர்ந்து கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆதரவுள்ள காலத்தில் நிறுவனம் அவற்றை அடைத்து அனுப்பும். ஆதரவு முடிந்த பிறகு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அது திறந்தபடியே கிடக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைப்பவர்களுக்கு 2017 இல் நடந்ததைச் சொல்லலாம். விண்டோஸிலிருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அந்த ஆண்டு மார்ச் 14 ஆம் திகதி வெளியிட்டது. மே 12 ஆம் திகதி அதே ஓட்டையைப் பயன்படுத்தி வனாகிரை என்ற கப்பம் கேட்கும் தீநிரல் உலகெங்கும் பரவியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான கணினிகளின் கோப்புகள் பூட்டப்பட்டன. பிரித்தானியாவின் பொது மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அப்போது அதற்கு ஆதரவும் இருந்தது, திருத்தமும் வந்திருந்தது. பாவனையாளர்கள் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. ஆகவே 'என்னுடையது விண்டோஸ் 11, எனக்குப் பயமில்லை' என்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு: அப்டேட் வருவது ஒன்று, அதைப் போடுவது இன்னொன்று.

இயங்குதளத்தின் ஆதரவு முடிந்து சில வருடங்களில் இன்னொரு முடிவும் வரும். விண்டோஸ் 7 இற்கான ஆதரவு 2020 ஜனவரி 14 இல் முடிந்தது. 2023 பெப்ரவரியில் கூகுள் குரோம் உலாவியும் அதைக் கைவிட்டது. உலாவி பழையதானால் இணையத்தளங்கள் ஒவ்வொன்றாகத் திறக்க மறுக்கும். கணினியின் உண்மையான ஓய்வு வயது பெரும்பாலும் அப்போதுதான் தெரியவரும். விண்டோஸ் 10 இல் எட்ஜ் உலாவிக்கான திருத்தங்கள் குறைந்தது 2028 ஒக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசொப்ட் அறிவித்துள்ளது. டிஃபென்டர் வைரஸ் தடுப்புக்கான தகவல்களும் அதுவரை வரும். இவை ஆறுதல் தருபவை. ஆனால் வீட்டின் யன்னல் கம்பிகள் உறுதியாக இருந்தாலும் அத்திவாரத்தில் உள்ள வெடிப்பை அவை அடைக்க மாட்டா.

முடிவெடுக்க முன்னர் மூன்று கேள்விகள்

யாராவது கணினியைக் கொண்டுவந்தால், அதைத் திறக்க முன்னரே நான் மூன்று விடயங்களைக் கேட்பேன்.

முதலாவது, இதில் என்ன வேலை செய்கிறீர்கள்? இணைய வங்கிச் சேவை, மின்னஞ்சல், வேலைக்கான விண்ணப்பங்கள் என்று பாவிக்கும் கணினிக்குப் பாதுகாப்புத் திருத்தம் கட்டாயம். கடிதம் தட்டச்சுச் செய்து அச்சிட மட்டும் பாவிப்பதானால், இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு அதே கணினியை இன்னும் பல வருடங்கள் வைத்திருக்கலாம். அப்படி வைத்திருப்பவர்கள் கண்ட கண்ட பென்ட்ரைவ்களை அதில் சொருகாமல் இருந்தால் போதும்.

இரண்டாவது, பிரச்சினை வேகமா, பாதுகாப்பா? 'கணினி பழுதாகிவிட்டது' என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் சொல்ல வருவது, அது ஆமைபோல ஊர்கிறது என்பதை. அது இயங்குதளத்தின் ஆதரவோடு தொடர்பில்லாத பிரச்சினை. அதற்கு மலிவான மருந்து உண்டு.

மூன்றாவது, இதே கணினியை நம்பி வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும், வீட்டிலிருந்து வேலை செய்யும் தகப்பனும் ஒரே கணினியைப் பகிர்ந்தால், அதை ஒரு நாள் நிறுத்திவைப்பதற்கும் திட்டம் வேண்டும்.

வேகம் குறைந்த கணினிக்கு மலிவான மருந்து

பத்து வருடங்களுக்கு முன்னர் வாங்கிய மடிக்கணினிகளில் அநேகமானவற்றில் சுழலும் வன்தட்டுத்தான் இருக்கிறது. நிமிடத்துக்கு 5,400 தடவைகள் சுழலும் தட்டின் மேல் ஓர் ஊசி அங்குமிங்கும் ஓடித் தரவைத் தேட வேண்டும். இன்றைய இயங்குதளம் பின்னணியில் ஒரே நேரத்தில் நூறு இடங்களில் வாசிக்கவும் எழுதவும் முயலும்போது அந்த ஊசி திணறிப்போகும். அசையும் பாகம் எதுவுமற்ற எஸ்எஸ்டியை அந்த இடத்தில் போட்டால், கணினி திறக்க எடுக்கும் நேரம் நிமிடங்களிலிருந்து விநாடிகளுக்கு இறங்கும். சாதாரண வன்தட்டு விநாடிக்கு 100 முதல் 150 மெகாபைட் அளவில் வாசிக்கும். சாட்டா வகை எஸ்எஸ்டி 500 மெகாபைட்டை அண்டி வாசிக்கும். சிதறிக்கிடக்கும் சிறு கோப்புகளை எடுப்பதில் இந்த வித்தியாசம் இன்னும் பல மடங்கு.

256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றின் விலை புதிய மடிக்கணினியின் விலையில் சிறு பங்குதான். பழைய வன்தட்டையும் எறிய வேண்டியதில்லை. வெளியில் ஒரு பெட்டி வாங்கிப் போட்டால் அது காப்புப்பிரதி வைக்கும் தட்டாகிவிடும்.

அடுத்தது ரேம். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்தாலே மூச்சு முட்டும். 8 ஜிபி இருந்தால் வீட்டுப் பாவனைக்குப் போதும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால் 2025 இன் பிற்பகுதியிலிருந்து ரேமின் விலை உலகெங்கும் ஏறியிருக்கிறது. பழைய மடிக்கணினிகளுக்கான ரேமைப் பாவித்த நிலையிலும் வாங்கலாம். ரேம் மின்கலத்தைப் போல நாளடைவில் தேய்ந்துபோகும் பொருள் இல்லை. சில மெல்லிய மடிக்கணினிகளில் ரேம் மதர்போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும், அவற்றில் கூட்ட முடியாது. காசு கொடுக்க முன்னர் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மருந்து பெரும்பாலும் இலவசம். எங்களுடைய தூசியும் வெக்கையும் விசிறியை அடைத்துவிடும். கணினி சூடேறினால் புரொசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். தூசி தட்டியதுடனேயே புத்துயிர் பெற்ற கணினிகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

ஆனால் தொடுதட்டு மேலே எழும்பி நின்றாலோ, அடிப்பகுதி வீங்கியிருந்தாலோ அது மின்கலம் ஊதுவதன் அடையாளம். அந்தக் கணினியை உடனே நிறுத்திவிட்டு மின்கலத்தை மாற்ற வேண்டும். அது தீப்பிடிக்கக்கூடிய பொருள்.

விண்டோஸ் 11 உங்கள் கணினியில் ஓடுமா?

உரிய அனுமதி உள்ள விண்டோஸ் 10 இலிருந்து விண்டோஸ் 11 இற்கு மாறக் கட்டணம் இல்லை. தடை வன்பொருளில்தான் இருக்கிறது. 64 பிட் புரொசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், பாதுகாப்பான தொடக்க வசதி, டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு ஆகியவை தேவை. இவற்றில் பலரைத் தடுப்பது புரொசஸரின் தலைமுறை. சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். இன்டெலின் எட்டாம் தலைமுறை 2017 இல்தான் வந்தது. ஆகவே அதற்கு முன்னர் வாங்கிய வீட்டுக் கணினிகள் பெரும்பாலும் வெளியே நிற்கும்.

உங்களுடையது எத்தனையாம் தலைமுறை என்று அறிவது எளிது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதனுள் எபௌட் என்ற பகுதியில் புரொசஸரின் பெயர் இருக்கும். ஐ3, ஐ5, ஐ7 என்பதற்குப் பின்னால் வரும் இலக்கத்தைப் பாருங்கள். 7200 என்றிருந்தால் ஏழாம் தலைமுறை, 8250 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. 10, 11, 12 என்று தொடங்கினால் அந்தந்தத் தலைமுறை. 'ஐ7 என்றால் ஐ5 ஐ விடப் புதியது' என்ற எண்ணம் பரவலாக உண்டு. நான்காம் தலைமுறை ஐ7 இற்கு விண்டோஸ் 11 கிடைக்காது, எட்டாம் தலைமுறை ஐ3 இற்குக் கிடைக்கும்.

மைக்ரோசொப்ட் வெளியிட்டுள்ள பிசி ஹெல்த் செக் என்ற இலவச மென்பொருள் இதையெல்லாம் ஒரே அழுத்தலில் சரிபார்க்கும். 'டிபிஎம் இல்லை' என்று மட்டும் அது சொன்னால் மனம் தளர வேண்டாம். பல கணினிகளில் அந்தச் சில்லு இருந்தும் பயோஸ் அமைப்பில் அணைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற முன்னர், கணினியின் தட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, பிட்லொக்கர் மீட்புச் சாவியைக் கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த 48 இலக்கங்கள் இல்லாமல் பூட்டப்பட்ட தட்டைத் திறக்க எந்தத் திருத்துநராலும் முடியாது.

தகுதியற்ற கணினியிலும் குறுக்குவழியால் விண்டோஸ் 11 ஐப் போட்டுத் தருவதாகச் சிலர் சொல்வார்கள். போட முடியும். ஆனால் அப்படிப் போட்ட கணினிகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதற்கு மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தருவதில்லை. வீட்டுப் பாவனைக்கான விண்டோஸ் 11 இன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவுக் காலம் 24 மாதங்கள் மட்டுமே. அடுத்த பதிப்புக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் அதே குறுக்குவழியை மீண்டும் தேட வேண்டிவரும். பாதுகாப்புக்காகச் செய்யும் வேலை இது. அதைத் தாங்களாகத் தொடர முடியாதவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

தகுதி இல்லாவிட்டால் இரண்டு வழிகள்

முதல் வழி, ஒரு வருட அவகாசம். வீட்டுப் பாவனையாளர்களுக்கென மைக்ரோசொப்ட் நீடித்த பாதுகாப்புத் திருத்தத் திட்டமொன்றை அறிவித்தது. அதில் சேர்ந்த விண்டோஸ் 10 கணினிகளுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை முக்கியமான திருத்தங்கள் வரும். கணினியில் விண்டோஸ் 10 இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், ஒரு மைக்ரோசொப்ட் கணக்கும் வேண்டும். சேர்வதற்கு மூன்று முறைகள்: கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணமில்லை, அல்லது மைக்ரோசொப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000 கொடுக்கலாம், அல்லது 30 டொலர் செலுத்தலாம். ஒரே அனுமதியை அதே கணக்கின் கீழ் 10 கணினிகள் வரை பயன்படுத்த முடியும். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேர்வதற்கான இணைப்புத் தெரியும். பிந்திச் சேர்ந்தாலும் முடிவுத் திகதி மாறாது.

இந்தத் திட்டத்தை நான் 'காசு சேர்க்கும் காலம்' என்றே சொல்வேன். அவசரப்பட்டுக் கடனுக்குக் கணினி வாங்குவதைத் தவிர்த்து, மாதாமாதம் சிறிது ஒதுக்கிவைக்க இது உதவும்.

இரண்டாவது வழி லினக்ஸ். அது படித்த பொறியியலாளர்களுக்கு மட்டுமானது என்ற காலம் போய்விட்டது. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை இலவசமானவை. உபுண்டு 24.04 இற்கும் அதை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் 22 இற்கும் 2029 வரை ஆதரவு உண்டு. 4 ஜிபி ரேம் மட்டுமே உள்ள கணினிக்கு மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இலகுவானது. பென்ட்ரைவில் ஏற்றி, கணினியில் உள்ள எதையும் தொடாமல் முதலில் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வேலை செய்கிறதா, அச்சுப்பொறி பிடிக்கிறதா, ஒலி வருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

உலாவி, மின்னஞ்சல், வங்கி, யூடியூப், ஸூம் வகுப்பு ஆகியவற்றுக்கு லினக்ஸில் குறையில்லை. கடிதங்களுக்கும் கணக்குகளுக்கும் லிப்ரேஒபிஸ் இருக்கிறது. தமிழ்99, ஒலியியல் விசைப்பலகைகளோடு, இலங்கையில் பாவிக்கப்படும் ரெங்கநாதன் விசைப்பலகையையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் போட்டோஷொப், பேஜ்மேக்கர் போன்றவற்றில் வேலை செய்பவர்களுக்கு அது பொருந்தாது. மைக்ரோசொப்ட் வேர்ட்டில் நுணுக்கமாக அமைத்த ஆவணங்கள் லிப்ரேஒபிஸில் சற்றுக் குலையவும் கூடும்.

தமிழில் எழுதியவற்றை மறந்துவிடாதீர்கள்

மேலே சொன்னவை எந்த நாட்டவருக்கும் பொருந்தும். எங்களுக்கென்று தனியாக ஒரு பிரச்சினை இருக்கிறது. இலங்கையில் தமிழில் கணினியைப் பாவிக்கத் தொடங்கியவர்கள் நீண்ட காலம் பாமினி எழுத்துருவிலேயே எழுதினார்கள். கோயில் மலர்கள், நினைவு மலர்கள், பாடசாலை வினாத்தாள்கள், சனசமூக நிலையக் கூட்டக் குறிப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பாமினி யூனிகோட் முறையைச் சேர்ந்ததன்று. கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. புதிதாக இயங்குதளம் போட்ட கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால், 'தமிழ்' என்ற சொல்லே ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் சேர்ந்த கோலமாகத் தெரியும். கோப்புப் பழுதாகிவிட்டது என்று நினைத்து அழித்துவிட்டவர்களும் உண்டு.

ஆகவே பழைய தட்டை அழிக்க முன்னர் விண்டோஸின் ஃபொன்ட்ஸ் கோப்புறையிலுள்ள தமிழ் எழுத்துருக்கள் அனைத்தையும் தனியே பிரதி எடுத்து வையுங்கள். தட்டச்சுக்குப் பாவிக்கும் மென்பொருளின் நிறுவல் கோப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் கிடைக்கும்போது முக்கிய ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றுங்கள். அதற்கான இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. ஆவணத்தின் நடுவே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழாக்கிக் குழப்பிவிடும். ஆகவே மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். மூலக்கோப்பையும் கூடவே ஒரு பிடிஎஃப் பிரதியையும் வைத்திருப்பது நல்லது. பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளேயே பதிந்திருக்கும் என்பதால் எந்தக் கணினியிலும் அப்படியே வாசிக்கலாம்.

பேஜ்மேக்கரில் மட்டுமே திறக்கும் கோப்புகள் நிறைய இருந்தால், பழைய விண்டோஸ் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து அந்த வேலைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊரின் நாற்பது வருட வரலாறு சிலவேளை அப்படியான ஒரு கணினிக்குள்தான் இருக்கும்.

மாற்றத்துக்கு முன்னர் செய்ய வேண்டியவை

எந்த வழியைத் தெரிவுசெய்தாலும் முதல் வேலை காப்புப்பிரதி. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது உலகெங்கும் சொல்லப்படும் விதி. எங்கள் வீடுகளில் அதை இப்படிச் செய்யலாம்: கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பிலோ சகோதரர் வீட்டிலோ ஒன்று. ஒரேயொரு பென்ட்ரைவை நம்பிக் கல்யாணப் படங்களை வைக்காதீர்கள். எஸ்எஸ்டியையும் மின்சாரம் கொடுக்காமல் வருடக்கணக்கில் அலுமாரியில் வைப்பது நல்லதில்லை. பிரதி எடுத்த பிறகு இரண்டு மூன்று கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி பிரதியாகாது.

காலத்தையும் தெரிந்தெடுக்க வேண்டும். பரீட்சைக்கு முந்திய வாரத்திலோ, பல்கலைக்கழக ஒப்படைக்கு முந்திய இரவிலோ இயங்குதளத்தை மாற்றக்கூடாது. விடுமுறை ஒன்றின் முதல் நாள் நல்லது, ஏதாவது பிழைத்தாலும் சரிசெய்ய நாட்கள் இருக்கும். ஏப்ரல் மாதத்திலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடிமின்னல் அதிகம். நிறுவல் நடுவழியில் இருக்கும்போது மின்சாரம் போனால் கணினி திறக்காமலே போகக்கூடும். மேசைக்கணினி என்றால் யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். மடிக்கணினி என்றால் மின்கலம் நிறைந்திருக்க வேண்டும்.

பலர் கேட்கத் தயங்கும் விடயமும் ஒன்று உண்டு. எங்களுடைய வீட்டுக் கணினிகள் பலவற்றில் இருப்பது உரிய அனுமதி இல்லாத விண்டோஸ். அதைத் திறந்துவிடப் பாவிக்கும் சிறு மென்பொருள்கள் வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டுத்தான் ஓடும். அணைத்த கதவால் வேறு எது உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியாது. அப்படியான கணினியில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுவதை விட, இலவசமாகவும் நேர்மையாகவும் கிடைக்கும் லினக்ஸைப் போடுவது மேல்.

புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றால்

எஸ்எஸ்டி போட்டும் வேகம் வரவில்லை, பாதுகாப்புத் திருத்தத்துக்கும் வழியில்லை, நீங்கள் பாவிக்க வேண்டிய மென்பொருள் லினக்ஸில் ஓடாது. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் புதிய கணினிக்கான நேரம் வந்துவிட்டது. திருத்தச் செலவு, அதே தகுதியுள்ள பாவித்த கணினியின் விலையில் பாதியைத் தாண்டினாலும் நான் மாற்றச் சொல்வேன்.

வாங்கும்போது 'ஐ5, ஐ7' என்ற ஒட்டியைப் பார்த்து மயங்காமல் தலைமுறையைக் கேளுங்கள். 16 ஜிபி ரேம் இருந்தால் நல்லது. 8 ஜிபி என்றால் பின்னர் கூட்ட இடமிருக்கிறதா என்று பாருங்கள். மலிவு விலையில் 64 ஜிபி ஈஎம்எம்சி சேமிப்போடு வரும் சிறு மடிக்கணினிகளைத் தவிருங்கள். இரண்டு பெரிய அப்டேட்டுகளிலேயே இடம் நிரம்பிவிடும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பாவித்த கணினிகள் எங்களிடையே அதிகம். அலுவலகங்கள் கழித்துவிட்ட நல்ல மடிக்கணினிகள் அவற்றில் இருக்கும். அங்கே கழிக்கக் காரணமே விண்டோஸ் 11 கிடைக்காதது என்றால் அதே பிரச்சினை இங்கும் கூடவே வரும். பயணப் பொதியில் வைக்க முன்னரே தலைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பயோஸ் கடவுச்சொல்லோ, நிறுவனத்தின் தொலைப் பூட்டோ நீக்கப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். மடிக்கணினி மின்னேற்றிகள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வரும் பழைய மேசைக்கணினிகள் சிலவற்றின் பின்புறத்தில் 115, 230 என்று மாற்றும் சிறு ஆளி இருக்கும். அதை 230 இற்கு மாற்றாமல் எங்களுடைய மின்சாரத்தில் சொருகினால் மின்வழங்கி அந்தக் கணமே எரிந்துபோகும்.

அப்பிள் மக் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு செய்தி: இன்டெல் புரொசஸர் உள்ள மக் கணினிகளுக்கு மக்ஓஎஸ் 26 தான் கடைசிப் பதிப்பு என்று அப்பிள் 2025 ஜூனில் அறிவித்துவிட்டது. பாவித்த இன்டெல் மக் ஒன்று மலிவாகக் கிடைத்தால் இதையும் மனதில் வைத்து விலை பேசுங்கள்.

பழையதை என்ன செய்வது?

வேறொருவருக்குக் கொடுப்பதானால் கணக்குகள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறி, தட்டை முழுமையாக அழித்த பின்னர் கொடுங்கள். மறுசுழற்சி பின் தொட்டியில் போட்டது அழிந்ததாகாது. ஓடாத கணினியானால் வன்தட்டைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைக் குப்பையோடு எரிக்கக்கூடாது. பழைய திரைகளில் ஈயமும் பாதரசமும் உண்டு, எங்களுடைய கிணற்று நீர் அவற்றைத் தாங்காது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பாடசாலையோ உள்ளூராட்சி மன்றமோ சேகரிப்பு நாள் வைத்தால் அப்போது கொடுக்கலாம்.

ஒரு கணினி எப்போது 'பழையது' ஆகிறது என்பதைத் தொலைதூரத்திலுள்ள ஒரு நிறுவனத்தின் நாட்காட்டி தீர்மானிக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை ஒரு புரொசஸர் பட்டியலுக்காகக் கழிக்கச் சொல்வது நியாயமா என்ற கேள்வியை நாங்கள் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நியாயம் கிடைக்கும்வரை வீட்டுக் கணினியைத் திறந்த கதவோடு விட்டுவைக்கவும் முடியாது. இன்று மாலை செய்யக்கூடியது இரண்டுதான்: கோப்புகளைப் பிரதி எடுங்கள், புரொசஸரின் தலைமுறையைப் பாருங்கள். எட்டுக்குக் கீழே என்றால் 2026 ஒக்டோபர் 13 ஐ வீட்டு நாட்காட்டியில் குறித்துவிட்டு, அதற்குள் லினக்ஸா புதிய கணினியா என்று ஆறுதலாக முடிவெடுங்கள்.